புதுக் கயிறு

"ஷோவுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. யார் பண்ண வேலை இது?"

சர்க்கஸ் கூடாரத்தின் நடுவில் நின்று மேனேஜர் கத்தினார். அந்தரத்தில் ஆடுகிறவளின் கயிறு அவர் காலடியில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"நான்தான் வெட்டினேன்" என்றான் கயிறு கட்டுகிறவன். அவளுடைய புருஷன்.

போன வாரம்தான் 'வேற வேலை பாரு' என்று அவளிடம் சண்டை போட்டிருந்தான். அந்தச் சூடே அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"நான் மேல ஏறுறது உனக்குப் பிடிக்கல, சரி. அதுக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

மேனேஜரும் விடவில்லை.

"வாங்கி மூணு மாசம்கூட ஆகல. எப்பேர்ப்பட்ட கயிறு தெரியுமா? நேத்து சேத்துல மாட்டின லாரியையே வெளிய இழுத்துப் போட்டுச்சு. அதைப் போய்..."

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "என் கயித்துலயா லாரிய இழுத்தீங்க?"

"காலையில முடிச்சுல சேறு இருந்துச்சு" என்றான் புருஷன். "டிரைவர் ஒத்துக்கிட்டான். லாரி இழுத்த கயிறு உள்ளுக்குள்ள நைஞ்சிருக்கும், நம்பி ஏற முடியாது. உன்கிட்ட சொல்லியிருந்தா, இவரு 'இன்னைக்கு ஒரு ஷோ மட்டும்'னு கெஞ்சுவாரு, நீயும் ஏறிடுவ. அதான் வெட்டிட்டேன்."

மேனேஜர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "எங்க நைஞ்சிருக்கு? வெளிய ஒரு கீறல்கூட இல்லயே."

அவள் அதைப் பிடுங்கி அவர் காலடியிலேயே எறிந்தாள்.

"போன வருஷம் மேலேருந்து விழுந்து செத்தாளே என் தங்கச்சி, அவ உடம்புலயும்தான் வெளிய ஒரு கீறல் இல்ல."