மழையில் நனைந்த ஒட்டகம்

"ஏட்டி மூக்கம்மா, இன்னைக்குச் சோதனைக்கு வர்ற பெரிய சார் கேட்டா ஒட்டகத்தைச் சொல்லிருவியா?"

"மனசுல நிக்கல சார். எழுத்துக் கூட்டித்தான் வருது."

தலைமையாசிரியர் நல்லதம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். வாசிப்பில் பின்தங்கிய நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு மாதத்தில் தேற்றிக்காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சோதனைக்குப் பன்னிரண்டாம் பக்கம்தான் என்று, சோதிக்க வரும் மலையாள அதிகாரியின் பியூன் மூலம் துப்புக் கிடைத்ததும் அவர் ஒரே வாரத்தில் தேற்றிவிட்டார். அந்தப் பக்கத்து ஒட்டகப் பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைகீழ் மனப்பாடம்.

மூக்கம்மாளுக்கு மட்டும் ஏறவில்லை. சாந்தம்மாள் டீச்சர்தான் மதியவேளைகளில் அவளைத் தனியே உட்காரவைத்து எழுத்துக் கூட்டப் பழக்கியிருந்தாள்.

"இவ தோத்தா, தங்கச்சியைப் பார்த்துக்கிட எஸ்டேட் லயத்து வீட்டுலயே நிறுத்திருவேன்னு இவ அம்மா சொல்லிட்டா சார். பாஸானாத்தான் சித்திரபுரம் பள்ளிக்கூடத்துக்கு அஞ்சாங்கிளாஸ் படிக்க அனுப்புவாளாம்."

"அதுக்குத்தானே டீச்சர் மனப்பாடம் பண்ண வைக்கச் சொன்னேன்!"

கொட்டும் மழையில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி பையிலிருந்து காக்கி அட்டை போட்ட இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் கையில் விரித்துக்கொண்டார்.

"பன்னிரண்டாம் பக்கம். அதிலே படம் இல்லை. படம் பார்த்துப் பறையறது என்கிட்டே நடக்காது, கேட்டோ?"

சுருளிவேல் எழுந்தான். "ஒட்டகம் பாலைவனத்தில் வாழும். அதன் முதுகில் திமில் உண்டு. அது பல நாள் தண்ணீர் இல்லாமல் நடக்கும்..." நடுவில் மூச்சே விடவில்லை. அதிகாரி தன் புத்தகத்தில் வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"மிடுக்கன்! கெட்டிக்காரன்!"

அடுத்தடுத்து எல்லார் வாயிலிருந்தும் ஒட்டகம் ஓடியது. எல்லாரும் மிடுக்கர்கள்.

கடைசியாக மூக்கம்மாள். "ம...ழை. ம...லை...யில் ம...ழை பெய்...தது. ஓ...டை..."

வகுப்பே சிரித்தது.

"ஏலே, ஒட்டகத்தை நனைய விட்டுட்டாடா!" என்றான் சுருளிவேல்.

"சன்னலைப் பார்த்துச் சொல்லுது சார், மன்னிக்கணும்" என்று குழைந்தார் நல்லதம்பி. மூக்கம்மாள் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "கஷ்டம்! தோற்றது இவள் ஒருத்தி. இன்னும் ஒரு கொல்லம், ஒரு வருஷம், நாலிலேயே இருக்கட்டும்."

டீச்சர் வாயெடுத்தாள். நல்லதம்பி கண்ணாலேயே அடக்கினார்.

டீ குடித்துக் கிளம்பும்போது அதிகாரி ஒரு புத்தகத்தை நீட்டினார். "வெச்சுக்கோ மாஷே. பாடமெல்லாம் மாற்றியாச்சு. அடுத்த கொல்லம் இந்தப் புதிய புத்தகம்தான்."

ஜீப் நகர்ந்ததும் நல்லதம்பி அவசரமாகப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். 'மழை' என்று தலைப்பு. மலையில் மழை பெய்தது என்று முதல் வரி. புத்தகம் முழுக்கத் தேடியும் ஒட்டகம் இல்லை.

"அப்போ வாசிச்சது மூக்கம்மா ஒருத்திதானே சார்!" டீச்சர் வாசலைக் காட்டினாள். "ஓடிப்போய்ச் சொல்லுங்க. கீழ் வளைவுல ஜீப்பைப் பிடிச்சிரலாம்."

நல்லதம்பி புத்தகத்தை மூடினார். "'சார், உங்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியலை'ன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லச் சொல்றீங்களா? பேசாம நாளையிலிருந்து எல்லாருக்கும் மழையை மனப்பாடமாக்குங்க டீச்சர்."