நொட்டோரியஸ் மாப்பிள்ளை

பெண் கேட்டு வந்த ஜீவனைப் பற்றி அவன் ஊரான மாசாயில் விசாரித்துவிட்டு வந்த கனகராஜ், மகளைக் கூப்பிட்டார்.

"லோஷினி, அந்தப் பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டுறதுல நொட்டோரியஸாம். அப்படின்னா என்னம்மா?"

லோஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கில ஆசிரியைக்கு அர்த்தம் தெரியாதா? கெட்ட பேர் எடுத்தவன் என்று உள்ளதைச் சொன்னால், வீட்டுக்குத் தெரியாமல் வளர்த்த மூன்று வருடக் காதல் அம்போ!

"ரொம்பப் பேர் எடுத்தவருன்னு அர்த்தம்ப்பா. ஊரே பேசுற அளவுக்கு."

"அப்படியா! அப்ப பேசி முடிச்சிடலாம் லா."

அறைக்குள் ஓடிய லோஷினி கைப்பேசியை எடுத்தாள். பின்னாலேயே அப்பாவின் குரல் வந்தது.

"அவன்கிட்டதானே பேசப் போற? மோட்டாரை மெதுவா ஓட்டச் சொல்லு."

"அப்பா!"

"அர்த்தத்தை அங்கேயே கேட்டுக்கிட்டேன்மா. உன் மனசுல என்ன இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு."