செல்லாத ஓட்டு



நீதிபதியின் முன்னால் ஓட்டுகளை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றவள் அவள். வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, இன்றைக்குத்தான் பெட்டி திறந்தது.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று ஊரே பேசியது.

ஜெயித்தவர் அவள் கணவரின் பங்காளி, பெரியப்பா மகன். பிரச்சாரம் நடந்த நாளெல்லாம் கணவர் வீட்டை விட்டு நகரவில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டு, உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால்?

அதற்கு வழக்கே தேவலை.

எல்லா வாய்தாவுக்கும் அவர்தான் துணைக்கு வந்தார். வெளியே மரத்தடியில் காத்திருப்பார். அந்தத் துணையும் அவளுக்குக் கசந்தது.

எண்ணி முடித்தார்கள். அதே ஒரு ஓட்டு.

தேர்தலன்று செல்லாது என்று ஒதுக்கிய சீட்டுகள் மட்டும் பாக்கி. அதில் ஒன்றை விரித்த அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் வக்கீலும் நின்ற பக்கம் திருப்பினார்.

அவளுடைய பூட்டு சாவிச் சின்னத்தில் முத்திரை, பிசகாமல் நடுவில்.

அதன் கீழே ஒரு கையெழுத்து. க. செம்புலிங்கம். தேதியும் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது.

அவள் கணவர்தான். கூட்டுறவுச் சங்கச் செயலாளர். கையெழுத்து இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிக்க மாட்டார்.

போட்டவர் யாரென்று தெரிந்துவிட்டால் ஓட்டு செல்லாது என்றார் நீதிபதி. வக்கீல் மன்றாடிப் பார்த்தார். மனு தள்ளுபடி.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை. ஜெயித்த பங்காளியே மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"மேல்கோர்ட்டுக்குப் போயிரலாம்மா" என்றார் வக்கீல்.

"அது கெடக்கட்டும் சார். அந்தச் சீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

பதிலுக்கு நிற்காமல் வாசலுக்கு வந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது. கோர்ட்டு டவாலி கூப்பிடுவதுபோல, இத்தனை பேர் நடுவில், இனிஷியலோடு கூப்பிட்டாள்.

"க. செம்புலிங்கம்."

மரத்தடியில் மனுஷன் பதறி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.