பன்னிரண்டாவது சீட்

"இன்னைக்கும் ஒன்பது பத்து!"

கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். தாமதப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், 'அலட்சியம்' என்று எழுதினார். இந்த மாதத்தில் இது பதினெட்டாவது 'அலட்சியம்'.

எதிரே தலை குனிந்து நின்றாள் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். கையில் நீலநிறச் சாப்பாட்டுப் பை. ஜிப் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கு.

"ஏம்மா, எந்த வண்டியில வர்றே?"

"நீங்க சொன்ன அதே ஏழு பன்னிரண்டு ரயில்தான் சார்."

"அதே ரயிலா? அதுல வந்து நான் எட்டு ஐம்பதுக்கு இங்க உட்கார்ந்துட்டேன். உன் பெட்டி மட்டும் கழண்டுக்கிட்டுத் தனியா நடந்து வந்துச்சோ?"

ஆபீஸே சிரித்தது. காசாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று ஸ்டேஷன் ஒலிபெருக்கி மாதிரியே இழுக்க, சிரிப்பு இன்னொரு சுற்று போய் வந்தது.

கண்காணிப்பாளருக்கு ஆபீஸ் வைத்த பெயர் 'டைம்டேபிள்'. புறநகரிலிருந்து ஊருக்குள் வர எத்தனை வழி உண்டோ, அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

"பஸ்ஸா? ஒவ்வொரு சிக்னல்லயும் ஒரு தூக்கம் போடலாம். பைக்கா? வந்து இறங்கினா வாட்ச்மேனுக்கே அடையாளம் தெரியாது, மூஞ்சி பூரா புழுதி. ஏழு பன்னிரண்டு ரயில், இறங்கினா வாசல்ல வேன். முடிஞ்சுது!"

"வேன்ல இடம் கிடைக்கணுமே சார்" என்பார் காசாளர்.

அது நியாயமான சந்தேகம்தான். வேனில் பன்னிரண்டே சீட். நிறைந்த மறுநிமிடம் கிளம்பிவிடும். நின்றுகொண்டு வர விடமாட்டார்கள். அடுத்த வேன் இருபது நிமிடம் கழித்து.

"எனக்குக் கிடைக்குதேய்யா! எல்லாரும் முட்டி மோதி ஓடுவாங்க. நான் நிதானமா, கடைசி ஆளா படி இறங்குவேன். கடைசி சீட் எனக்குன்னே காத்துக்கிட்டு இருக்கும். எல்லாம் கணக்கு!"

அந்த நிதானம் வலது முழங்காலின் உபயம். ஒரு மாதமாக ஸ்டேஷனின் நாற்பது படி இறங்குவதற்குள் உயிர் போய்த் திரும்பி வருகிறது. அதைப் பற்றி வீட்டம்மாவிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை.

சாயங்காலம் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.

"நாளையோட உனக்கு ஆறு மாசம் முடியுது. வேலை நிரந்தரம் பண்ணலாமா வேண்டாமான்னு நான்தான் எழுதணும். 'வேண்டாம்'னு எழுதிட்டேன். கடிதம் என் பையிலதான் இருக்கு."

"சார், வீட்டுல என் ஒருத்தி வேலையை நம்பித்தான்..."

"அதை ரயில் பிடிக்கும்போது நினைச்சிருக்கணும். சரி, நாளைக்கு ஒரே ஒரு நாள் எட்டு ஐம்பதுக்கு வந்து காட்டு, கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா மேனேஜர் மேஜைக்குப் போயிடும். அப்படி என்னதாம்மா ஆகுது உனக்கு? வாயைத் திறந்து சொல்லேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவரோ மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார்."

மறுநாள் காலை. ஸ்டேஷன் வாசலில் டிரைவரின் குரல் கிழிந்தது. "ஏறு ஏறு ஏறு! ஒரே ஆளு, ஒரே ஒரு ஆளு!"

கைப்பிடியைத் தடவித் தடவிப் படி இறங்கி வந்து சேர்ந்தார் டைம்டேபிள். ஜன்னலோரம் ஒரே ஒரு சீட் காலி. 'பார்த்தியா கணக்கை!' என்று தன்னையே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடியில் 'டங்' என்றது ஒரு டப்பா.

எழுந்து பார்த்தார். நீலப் பை. ஊக்கு.

"இது எங்க ஆபீஸ் பொண்ணோடது மாதிரி இருக்கே?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அடடா, எடுக்க மறந்துட்டுதா? தினம் உங்க தலை படி மேல தெரிஞ்சதும், பையை சீட்டுல போட்டு இடம் பிடிச்சு வச்சிட்டு இறங்கிடும் சார். நீங்க கிட்ட வந்ததும் ஜன்னல் வழியா பையை உருவிக்கும். அப்புறம் அடுத்த வேன்ல வரும்."

"எதுக்கு?"

"'சாருக்கு முழங்கால் முடியல, இருபது நிமிஷம் நிக்க அவரால ஆகாது, அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாரு'ன்னுச்சு. இன்னைக்கு அதுக்குக் கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. இன்னைக்காவது உட்காரும்மான்னேன். கேட்கல. சரி சார், கதவைச் சாத்துங்க, கிளம்பணும்."

அவர் நீலப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சார், வேன் போயிடும்!"

"போகட்டும்யா."

டிக்கெட் கவுன்ட்டர் தூணுக்குப் பின்னால் நின்ற டைப்பிஸ்ட் பதறிப்போனாள். "ஐயோ, நீங்க ஏன் சார் இறங்கினீங்க? லேட்டாயிடுமே!"

"பையை விட்டுட்டியேம்மா" என்று நீட்டினார். பிறகு தன் பையைத் துழாவி, அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

ஒன்பது பத்துக்கு இருவரும் உள்ளே நுழைந்தார்கள். ஆசையாய் மூக்கைப் பிடித்த காசாளர், அவள் பின்னால் டைம்டேபிளைக் கண்டதும் பிடித்த மூக்கோடு அப்படியே நின்றுவிட்டார்.

கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினெட்டு 'அலட்சிய'ங்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு அதே பதிவேட்டில் முதன்முறையாகத் தன் பெயரை எழுதி, காரணம் என்ற கட்டத்தில், யாரும் கேட்காமலே எழுதினார்:

'அலட்சியம்.'