காலண்டருக்கு ஒரு சோக முகம்

ஆப்பிரிக்கக் காட்டோரத்தில் ஒரு காப்பகம். வேலிக்கு ஒரு பக்கம் தாயில்லாத விலங்குக் குட்டிகள், மறுபக்கம் பெற்றோர் இல்லாத பிள்ளைகள். காப்பகத்தின் காலண்டரில் யார் படம் வருகிறதோ, அவர்கள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து பால் பவுடர் வரும்.

படம் எடுக்கும் நாளன்று கழுதைப்புலிக் குட்டி யானைக்குட்டியிடம் போனது.

"அண்ணே, எனக்கு இதுவரைக்கும் ஒரு டப்பாகூட வரலை. பசி தாங்கலை. நீங்க மட்டும் எப்படிண்ணே காலண்டர்ல இடம் பிடிக்கிறீங்க?"

"காதைத் தொங்கப் போடு. தரையைப் பாரு. முக்கியமா, சிரிச்சுத் தொலைக்காதே."

கழுதைப்புலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியதும் அதற்குச் சிரிப்பு பீறிட்டது. வேலிக்கு அப்பால் சோகமாக உட்காரவைத்திருந்த பிள்ளைகளும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவங்களுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லைப்பா" என்று புகைப்படக்காரர் கேமராவை மூடினார்.

அந்த வருஷக் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் யானைக்குட்டிதான். பால் பவுடர் லாரி லாரியாக வந்தது. பிள்ளைகளுக்கு வழக்கமான கஞ்சி. யானைக்குட்டி குடித்துக் குடித்து வயிறு உப்பி, தரையில் உருண்டு முனகியது.

கழுதைப்புலி காலி டப்பாவை நக்கியபடி எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இப்பத்தான் உங்க மூஞ்சி நிஜமாவே சோகமா இருக்கு. புகைப்படக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்டா! இன்னும் பால் அனுப்பிடுவாங்க!"