மஞ்சள் டேப்

“நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்” என்று டெய்லரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

ஆறு மாதமாக அவருக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். நடுக்குவாதம் வந்த எட்டுப் பேர் கொண்ட வகுப்பு. எல்லோரும் நரம்பு டாக்டர் அனுப்பிவைத்தவர்கள். டெய்லருக்குக் கை ஆடும், குரல் கம்மும். ஆனால் உதைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால், சும்மாவா?

அந்தக் கால்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

போன வாரம், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் இடது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. கேட்டதற்கு, இடித்துக்கொண்டதாகச் சொன்னார். இன்றைக்குப் புறங்காலும் வீங்கி, செருப்பைப் போட முடியாமல் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தார். தினம் தினம் ஒரே காலையா இடித்துக்கொள்வார்கள்? யார் காதில் பூச் சுற்றுகிறார்?

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாம்புக்குப் பால் வார்த்துவிட்டேனோ? என்னிடம் கற்ற உதையை அந்தப் பாவப்பட்ட அம்மா அல்லவா வாங்குகிறார்?

டெய்லர் ஏன் என்று கேட்கவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும் என்று தெரியும். ஆனாலும் எனக்கு அது கல்நெஞ்சக்காரன் முகமாகத்தான் பட்டது.

பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஹால் தரை முழுக்க ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். இவர்களுக்குக் கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். தாண்டுவதற்குக் கோடு ஒன்று கண்ணில் பட்டால் தானாக எழும். டெய்லர் கோடு கோடாகத் தாண்டி நன்றாகவே போனார்.

வழக்கமாக இந்நேரம் நான் பின்னறையில் மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். இன்று கோபத்தில் அங்கேயே நின்றேன்.

கதவுக்கு முன்னால் டேப் முடிந்தது. டெய்லரும் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை.

அவர் மனைவி நொண்டிக்கொண்டு வந்தார். செருப்பில்லாத இடது காலை அவருக்குக் குறுக்கே நீட்டினார்.

டெய்லர் அந்தக் காலைப் பார்த்தார். தாண்டுவதற்கு முழங்காலைத் தூக்கினார். பாதிதான் தாண்ட முடிந்தது. வீங்கிய புறங்காலின் மேல் முழுப் பாரத்தோடு மிதித்து, அடுத்த அடி வைத்து வெளியே போனார்.

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தார்.

“வீட்டுல எல்லா வாசல்லயும் இப்படித்தான் மாஸ்டர். வலது கால் வேணும்ல, அவரைத் தாங்கி நிக்கறதுக்கு.”



‘குடும்பத்தார் உள்ளே வரக் கூடாது’ என்று அதே கதவில் எழுதி ஒட்டியவன் நான்தான். கோடு எதற்கு என்று பெஞ்சில் இருப்பவர்களிடம் சொன்னதில்லை. வகுப்பில் இருப்பவர்களிடமும் சொன்னதில்லை. தாண்டு என்றால் தாண்ட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்டால் எனக்குப் பிடிக்காது.

டேப் சுருளை எடுத்துவந்தேன். வாசலில் மண்டியிட்டு ஒரு கோடு ஒட்டினேன்.

“தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்கய்யா. உள்ள வாங்க. அக்கா, நீங்களும் வாங்க.”

டெய்லர் திரும்பினார். அந்த அம்மா பழக்கத்தில் காலை நீட்டினார். அதற்குள் அவர் கோட்டைப் பார்த்துவிட்டார். அதைத் தாண்டி, ஒரே எட்டில் உள்ளே வந்து நின்றார்.

நீட்டிய கால் அப்படியே இருந்தது. அந்த அம்மா வாசல் கோட்டையும் ஹால் முழுக்கக் கிடந்த கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கராத்தேவுக்குப் போட்ட கோடுன்னுல்ல நெனச்சேன், மாஸ்டர்.”