சான் லூக்கா தெரிகிறதா?

“நேத்து ஆணியில தொங்குற கோட்டைப் பார்த்து ‘வாங்க ஃபாதர், உட்காருங்க’ன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க அத்தை?”

“கோட்டு ஃபாதர் கோட்டு மாதிரியே இருந்துச்சு. மரியாதை கொடுத்தேன். தப்பா?” என்றாள் ஆர்ஜியா, மாவு பிசைவதை நிறுத்தாமல்.

வரிசையில் நின்ற மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மாடி வீட்டிலிருந்து வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக இறங்கி வந்திருந்த மருமகள் லோரெதானாவுக்கு அடக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொலோஞ்ஞா நகரத்தின் அந்தப் பாஸ்தா கடையில் நாற்பத்தாறு வருடமாக மாவு விரிப்பவள் ஆர்ஜியா. ஒரு மீட்டர் நீள உருட்டுக்கட்டை, ஒரு மரப்பலகை, மாவு, முட்டை. அவ்வளவுதான் அவள் தொழில். இரண்டு வருடமாகக் கண்ணில் வெள்ளை படர்ந்துகொண்டிருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடை ஜன்னல் இப்போது அவளுக்கு வெறும் வெளிச்சச் சதுரம். மாவுக்கு விரல் போதும், கண் எதற்கு என்பது அவள் கட்சி. உருட்டுக்கட்டையைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் இந்தக் கைகளை என்ன செய்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“திங்கட்கிழமை மாவு விரிக்கிற மெஷின் வருது. மிர்கோவும் சரின்னுட்டார். நீங்க கல்லாவுல உட்கார்ந்தா போதும்.”

“என் புள்ள எதுக்குத்தான் சரின்னு சொல்லல? கண்ணு தெரியாதவன்னு சொல்லிட்டுக் கல்லாவுல உட்கார வைக்கிறியே, நல்ல வியாபாரம்டி உன்னுது!”

முதலில் நின்ற லியார்கோவால் பொறுக்க முடியவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் வருபவர்.

“மெஷின் மாவா? வழுவழுன்னு இருக்கும்மா அது. கறிக்குழம்பு அதுமேல நிக்காது, வழுக்கிட்டு ஓடும். கிறிஸ்துமஸ் அன்னைக்கு என் பேரப்பிள்ளைங்களுக்குக் கறி அடைச்சு மடிக்கிற தொர்த்தெல்லீனிக்கு நான் எங்க போவேன்?”

“அதானே!” என்றாள் பின்னால் நின்ற இவோன்னா.

லோரெதானா இடுப்பில் கை வைத்தாள்.

“சரி. ஊர் வழக்கப்படியே முடிவு பண்ணுவோம். அத்தை ஒரு விரிப்பு விரிக்கட்டும். அதை ஜன்னல்ல பிடிச்சா, அது வழியா குன்று மேல இருக்கிற சான் லூக்கா கோயில் தெரியணும். அவங்களே பார்த்துச் சொல்லணும். தெரிஞ்சா உருட்டுக்கட்டை அவங்களுக்கு. இல்லேன்னா மெஷின்.”

ஆர்ஜியா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விரிப்பு தடித்தாலும் போச்சு. மெலிந்தாலும் தன் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் கட்டையை எடுத்தாள்.

மாவு உருண்டை தோசையானது, தோசை குடையானது, குடை மேசை விரிப்பானது. சுற்றி, இழுத்து, திருப்பி, மறுபடி சுற்றி. கடைக்குள் கட்டை உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அந்த மஞ்சள் விரிப்பைக் கட்டையில் சுற்றித் தூக்கி, ஜன்னல் முன்னால் தொங்கவிட்டாள்.

“தெரியுதா?” என்றாள் லோரெதானா.

வெளிச்சம். வெறும் வெளிச்சம். ஆர்ஜியா அறுபது வருடமாகப் பார்த்த கோயிலை நினைவிலிருந்து ஒப்பித்தாள்.

“தெரியாம என்ன? குன்று மேல சிவப்பா கோயில். உருண்டைக் கோபுரம். படிப்படியா ஏறுற வளைவு மண்டபம். அப்புறம்… கோபுரத்து மேல ஒரு புறா.”

புறாவைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது.

லியார்கோ கழுத்தை நீட்டி விரிப்பை உற்றுப் பார்த்தார். “ஒண்ணு இல்லக்கா, ரெண்டு.”

“ரெண்டேதான். ஒண்ணு குண்டு,” என்றாள் இவோன்னா.

மூன்றாவது ஆள், மேல் தெரு தையல்காரர், தொப்பியைக் கழற்றிக் கோயில் இருக்கும் திசையில் சிலுவைக்குறியே போட்டுவிட்டார்.

லோரெதானா நெருங்கி வந்தாள். விரிப்புக்கு மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தாள். கண்ணை இடுக்கினாள். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்தாள்.

“ம்… தெரியுது. கோயில், மண்டபம் எல்லாம்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு புறாவும்தான்,” என்றாள்.

கடையே கைதட்டியது. லோரெதானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். “ஹலோ, அந்த மெஷின் வேணாம்… ஆமா, வேணாம்னா வேணாம்” என்று சொல்லி வைத்தாள்.

ஆர்ஜியா விரிப்பைப் பலகையில் படுக்கப்போட்டு, அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு முட்டைக்காரர் பிரீமோ தட்டுகளோடு உள்ளே வந்தார்.

“மாதாவே, என்ன மூடுபனி! விடிஞ்சதுல இருந்து இப்படியேதான். குன்றை விடுங்க, எதிர்ல இருக்கிற மருந்துக்கடையே தெரியல. சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தேன்!”

அதே பனிக்குள் நடந்து வந்திருந்த மூன்று வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

லோரெதானா ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு மாமியாரின் காதருகே வந்து, “அத்தை, கண் டாக்டர்கிட்ட நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்தே நேரம் கேட்டுடட்டுமா?” என்றாள்.